பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

(கொழிஞ்சாம்பாறை வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். தம்பி, மைக்கைக் கொஞ்சம் கிட்டே தள்ளி வையுங்கள். நான் டாக்டர் இல்லை. கோவையில் ஒரு திசு ஆய்வகத்தில் 26 வருடம் மெழுகு வெட்டியவன். சொந்த ஊர் இங்கேதான், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம்.

கையில் இருப்பது பின்வரிசைக்குத் தெரிகிறதா? கடலைமிட்டாய்த் துண்டு அளவுதான். பிளாஸ்டிக் கூடு, அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நகக்கண் அளவு சதை. இதற்கு பிளாக் என்று பேர். இதை லேபில் கேட்டு வாங்கி வையுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். எண்டோஸ்கோப்பியில் கிள்ளியது, ஆபரேஷனில் வெட்டியது எல்லாம் கடைசியில் இதற்குள்தான் வரும். 4 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலு பங்கு கனத்தில் சீவினால், சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் பாலாடை மாதிரி மிதக்கும். அதைக் கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றிப் பார்ப்போம்.

இரைப்பைப் புற்று வந்த வீட்டில் எல்லோரும் கேட்பது, "பரவுமா? திரும்ப வருமா?" என்றுதான். அதற்குப் பாதிப் பதில் இந்தச் சீவலில் இருக்கிறது. 1965-இல் பின்லாந்தைச் சேர்ந்த லாரன் என்பவர் இந்தப் புற்றை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகையில் செல்கள் கூடிச் சுரப்பி போல நிற்கும். மூலத்தறை அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்கால் பிடித்துப் போகிறதே, அந்த மாதிரி இது ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகப் பார்க்கும். இரைப்பை ரத்தம் அந்த வழியாகத்தானே திரும்புகிறது! இன்னொரு வகையில் செல்களை ஒட்டிவைக்கும் இ-கேடரின் என்ற புரதம் கெட்டுப்போயிருக்கும். பார்த்தீனியம் விதை மாதிரி ஒவ்வொன்றாக உதிர்ந்து, இரைப்பைக்கு வெளியே, வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் ஜவ்வில் விழுந்து முளைக்கும். முளை சிறிதாக இருந்தால் ஸ்கேனுக்குத் தெரியாது. அதனால்தான் முற்றிய கட்டி என்று சந்தேகம் வந்தால், ஆபரேஷனுக்கு முன்பே வயிற்றுக்குள் குழாய் விட்டு, உப்புநீரால் கழுவி, அந்த நீரில் புற்றுச் செல் தேடுகிறார்கள். கிடைத்துவிட்டால் அது நான்காம் நிலை, அதாவது பரவிவிட்ட நிலை.

அப்புறம், ரத்தப் பரிசோதனை. சி.இ.ஏ., சி.ஏ. 19-9 என்று இரண்டு. புற்று இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய பொருள்கள் இவை. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர், வீட்டுக்காரருக்கு சி.இ.ஏ. 3.1 இருந்தது 4.4 ஆகிவிட்டது என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. முதல் சீட்டு பாலக்காட்டில் எடுத்தது, இரண்டாவது கோவையில். மெஷின் மாறினாலே எண் மாறும் அக்கா என்றேன். பீடி குடித்தாலும் சி.இ.ஏ. கொஞ்சம் ஏறும். மஞ்சள் காமாலையில் 19-9 எகிறும். சிலர் உடம்பு பிறவியிலேயே 19-9-ஐச் சுரக்காது. அவர்களுக்குப் புற்று இருந்தாலும் எண் ஏறாது. ஒரே லேபில் அடுத்தடுத்துப் பார்த்து, தொடர்ந்து ஏறினால்தான் கவனிக்க வேண்டும். ஏறவில்லை என்று மெத்தனமாக இருக்கவும் கூடாது.

சரி, பிளாக்குக்கு வருவோம். இரைப்பைப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு 15, 20 பேருக்குப் புற்றுச் செல்லில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும். அவர்களுக்கு அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி உதவும் என்று 2010-இல் தெரிந்தது. எம்.எஸ்.ஐ. என்ற மரபணுக் கோளாறு இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு. கிளாடின் 18.2 என்ற இன்னொரு புரதத்தைக் குறிவைக்கும் மருந்துக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 2024-இல் அனுமதி கிடைத்தது. ஹெர்2, எம்.எஸ்.ஐ., கிளாடின் மூன்றையும் முதலில் தேடுவது இந்த மெழுகில்தான். ரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வை வைத்து, ஸ்கேனில் தெரிவதற்குச் சில மாதம் முன்பே நோய் திரும்புவதைப் பிடிக்கிறார்கள். இரைப்பைக்கு அது இன்னும் எல்லா ஊரிலும் நடைமுறைக்கு வரவில்லை.

என் சித்தப்பா கதை. இரைப்பைப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் நன்றாக இருந்தார். அப்புறம் கல்லீரலில் வந்தது. ஹெர்2 பார்க்க பிளாக் கொண்டுவா என்றார் டாக்டர். பழைய லேபில் போய்க் கேட்டால், கட்டடம் மாற்றியபோது எங்கேயோ போய்விட்டதாம். பேர் வேண்டாம், விடுங்கள். 71 வயதில் கல்லீரலில் மறுபடி ஊசி குத்தித்தான் சதை எடுத்தார்கள். ஆய்வகத்தில் வேலை செய்த நானே கேட்டு வாங்காமல் விட்டிருந்தேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா, "வாங்கினால் எங்கே வைப்பது, ஃபிரிட்ஜிலா?" என்று கேட்கிறார். ஃபிரிட்ஜ் வேண்டாம் அம்மா. ரிப்போர்ட்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு, பீரோவில் துணிக்கு நடுவே வையுங்கள். மேலே நம்பர் எழுதியிருக்கும், அதை அழிக்காதீர்கள். கோவைக்குக் கொண்டு போகும்போது காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள். நம் ஊர் மார்ச் வெயிலுக்கு வாளையாறு தாண்டுவதற்குள் மெழுகு இளகிவிடும்.