நெதர்லாந்துக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு எங்கிருந்து வருகிறது?

எல்லாருக்கும் வணக்கம். இந்த மேசையில் மூன்று பொட்டலம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருக்கிறது. மூன்றும் இங்கே நெதர்லாந்தில் வாங்கியவைதான், ஆனால் லேபிளைப் பாருங்கள், ஒன்றில் அமெரிக்கா, இன்னொன்றில் எகிப்து, கடைசியில் இருப்பதில் மட்டும் நெதர்லாந்து என்று போட்டிருக்கிறது. உருளைக்கிழங்கு விதையும் உறைந்த ஃபிரைஸும் உலகம் பூராவும் அனுப்புகிற நாடு இது. கிழங்கு விவசாயத்தில் இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் இந்தக் கிழங்குக்கு மட்டும் ஏன் கப்பலை எதிர்பார்க்கிறார்கள்? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

காரணம் சூடு. இரண்டும் கிழங்குதானே என்று நினைக்கிறோம், ஆனால் உருளைக்கிழங்கு கத்தரிக்காய், தக்காளி குடும்பம், சர்க்கரைவள்ளி வள்ளைக்கீரையோட குடும்பம், வெயில் நாட்டுக் கொடி. உருளையை இங்கே ஏப்ரலிலேயே மண்ணில் போட்டுவிடலாம். சர்க்கரைவள்ளிக்கு அது நடக்காது, மே மாத நடுவில் ஐஸ்ஹைலிகன் என்று சொல்கிற நாட்கள் வரும், இனிமேல் உறைபனி விழாது என்று இங்கே தோட்டக்காரர்கள் நம்புகிற எல்லை அது, அது தாண்டினால்தான் கொடித்துண்டுகளை வெளியே நடவே முடியும். அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் மண் சில்லிட்டுப் போவதற்குள் தோண்டி எடுத்தாக வேண்டும். நடுவில் கிடைக்கிற நாலு, நாலரை மாதத்தில் பாதி நாள் மழை. மண்ணைச் சூடாக வைக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளை விரித்து அதில் ஓட்டை போட்டு நடுகிறார்கள். கடற்கரைப் பக்கத்துக் களிமண்ணில் கிழங்கு கோணல்மாணலாகப் போய்விடும், எடுக்கும்போதும் ஒடியும், அதனால் மணல் மண் இருக்கிறவர்களுக்குத்தான் இதில் கொஞ்சம் வசதி.

சரி, எப்படியோ விளைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது, இதை யாருமே பேசுவதில்லை. தோண்டின கிழங்கின் தோல் ரொம்ப மெல்லிசு, நகம் பட்டாலே உரியும். அப்படியே மூட்டை கட்டினால் அந்தக் காயம் வழியாக அழுகல் ஏறிவிடும். அதனால் கியூரிங் செய்ய வேண்டும். 29, 30 டிகிரி சூட்டில், காற்றில் 85 முதல் 90 சதவீதம் ஈரம் வைத்து, நாலு நாளில் இருந்து ஒரு வாரம் வரை அறையில் அடைத்து வைக்கிறார்கள். காயம் பட்ட இடத்தில் புதுத் தோல் கட்டிவிடும், இனிப்பும் அதிகமாக ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு 13 முதல் 15 டிகிரிக்குள் வைத்தால் பத்து மாதம், ஏன், ஒரு வருடம்கூட நிற்கும். அக்டோபர் மாத நெதர்லாந்தில் ஒரு கிடங்கை 30 டிகிரியில் வைத்திருக்க எவ்வளவு எரிவாயு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2022இல் எரிவாயு விலை எகிறியபோது இங்கே கண்ணாடிக் கூடாரத்துக்குள் பயிர் செய்கிற விவசாயிகளே பலர் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

அமெரிக்கக் கிழங்கு ஏன் இங்கே இவ்வளவு வருகிறது என்பதும் இந்த இடத்தில்தான் புரியும். வட கரோலினா மாநிலம் 1971இல் இருந்து அந்த நாட்டில் சர்க்கரைவள்ளியில் முதலிடத்தில் இருக்கிறது, மொத்த விளைச்சலில் பாதிக்கு மேல் அங்கேதான். வெயில் இருக்கிறது, மணல் கலந்த மண் இருக்கிறது, அதைவிட முக்கியமாக கியூரிங் அறையும் சேமிப்புக் கிடங்கும் பெரிய அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். நாம் இங்கே ஜூன் மாதம் வாங்குவது பெரும்பாலும் போன வருடம் தோண்டின கிழங்கு, அதைச் சாப்பிடுகிறபோது நமக்குத் தெரியவே தெரியாது! அங்கே அதிகம் போடுவது கவிங்டன் ரகம், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2005இல் வெளியிட்டது. அதற்கு முன்னால் லூசியானாவில் 1987இல் வந்த போரிகார்ட் ரகம்தான் ராஜா. இரண்டும் உள்ளே ஆரஞ்சு நிறம், வேகவைத்தால் குழைந்துவிடும். நம் ஊரில் சாப்பிடுகிற மாதிரி மாவுமாவாக, வெள்ளையாக வேண்டும் என்றால் சூப்பர்மார்க்கெட்டை விட்டுவிட்டு சுரினாம்காரர்கள் நடத்துகிற, தோகோ என்று சொல்கிற மளிகைக் கடைக்குப் போங்கள், அங்கே கிடைக்கும்.

ஆனால் ஒரே இடத்தை நம்பி இருப்பதில் எனக்குப் பயம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் வட கரோலினாவில் அடித்தது சரியாக அறுவடை நேரத்தில். தண்ணீருக்குள் ஓரிரு நாள் கிடந்த கிழங்கு மேலே பார்க்க நன்றாகவே இருக்கும், கிடங்குக்குள் போனதும் அழுக ஆரம்பிக்கும். அதனால் எகிப்துக் கிழங்கு வருவதை நான் மனதார வரவேற்கிறேன். ஆகஸ்ட் வாக்கில் புது அறுவடை வந்துவிடும், நான் வாங்குகிற கடையில் விலையும் கம்மி.

இன்னொன்று, ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்குவது எல்லாம் இங்கேயே சாப்பிடுவதற்கு இல்லை. பெரிய பங்கு தரம் பிரித்து, பெட்டி மாற்றி, லாரியில் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் வடக்கே ஸ்காண்டிநேவியாவுக்கும் போகிறது. ஜெர்மனியில் இருந்து இதைப் பார்க்கிறவர்களே, உங்கள் தட்டில் இருக்கிற கிழங்கும் அநேகமாக இந்தத் துறைமுகம் வழியாக வந்ததுதான்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஒரு கடல் முழுக்க, கண்டெய்னரில் 14 டிகிரி வாக்கில் பத்திரமாகக் கொண்டுவந்த கிழங்கை, சில கடைகளில் கீரையோடு சேர்த்துக் குளிர் அலமாரியில் அடுக்கி வைக்கிறார்கள்! நாமும் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் தள்ளுகிறோம். 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே இந்தக் கிழங்கு அடிபட்டுவிடும், உள்ளே கறுக்கும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். "கிழங்கு நல்லா இல்லை" என்று தூக்கிப் போடுகிறவர்களில் பலர் ஃபிரிட்ஜ் கெடுத்த கிழங்கைத்தான் போடுகிறார்கள். தயவுசெய்து சமையலறையில், ஹீட்டர் பக்கத்தில் இல்லாமல், கொஞ்சம் காற்றோட்டமான கூடையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வந்தால் முதலில் பையைக் கழற்றுங்கள்.

வேகவைக்கிறதிலும் அவசரம் வேண்டாம். கிழங்குக்குள் இருக்கிற நொதி 60, 70 டிகிரி வாக்கில்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது, மைக்ரோவேவில் வைத்தால் அந்த நிலையைச் சட்டென்று தாண்டிவிடும். ஓவனில் முழுசாக, தோலோடு, மெதுவாகச் சுட்டுப் பாருங்கள், அதே கிழங்கு இனிப்பு கூடியிருக்கும்.

அப்புறம் அக்டோபர், நவம்பரில் உள்ளூர்க் கிழங்கு கடைக்கு வந்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். குளிர் நாட்டில் இவ்வளவு பாடுபட்டு விளைக்கிறவர்கள் அடுத்த வருடமும் நடவேண்டும் என்றால் யாராவது வாங்கத்தானே வேண்டும். உங்கள் ஊர்க் கடையில் எந்த நாட்டுக் கிழங்கு வருகிறது, கிலோ என்ன விலை, எந்த அலமாரியில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், குளிர் அலமாரியில் இருந்தால் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.