கடைசித் தாள் இல்லாத அம்புலிமாமா

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வாசிக்கவும் எழுதவும் ஆசையூட்டுவது பாடநூலா, கதைப்புத்தகமா என்பது தலைப்பு. கதைப்புத்தகமே என்பது எங்கள் அணி. வணக்கத்தை இத்துடன் சுருக்கிக்கொள்கிறேன், ஏனெனில் எதிரணித் தலைவர் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கும் வேலை பெரிது.

“அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களின் வாதம் வேதாளத்தைப் போன்றது, எத்தனை முறை இறக்கினாலும் முருங்கை மரத்தில்தான் போய்த் தொங்கும்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஐயா, தொங்குவது மட்டுமா வேதாளத்தின் வேலை? ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். உருவிய வாளோடு விக்கிரமன் நடக்கிறான். தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம். சுமக்கிறவனுக்கே கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வியும் கேட்டு, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டுகிற வாத்தியார் அது. பாடநூலிலும் பாடத்தின் அடியில் வினா இருக்கத்தான் செய்கிறது. வினா பாடநூலில், விடை கோனார் உரையில். இரண்டுக்கும் நடுவில் மாணவனுக்கு என்ன வேலை என்பதை எதிரணி இதுவரை சொல்லவில்லை.

பழைய வேதாளக் கதைகள் மொத்தம் 25. அம்புலிமாமாவோ, 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கி, சென்னை வடபழனியில் அச்சான மாத இதழ். மாதத்துக்கு ஒரு கதை என்று கணக்கிட்டால் இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் போனதும் மரம் காலி. அப்படியிருக்க, வேதாளம் பல பத்தாண்டுகள் பேசிக்கொண்டே இருந்தது எப்படி? பழைய கதைகள் தீர்ந்ததும் அதே அச்சில் புதுக்கதைகளை எழுதி அதன் வாயில் வைத்தார்கள். எதிரணித் தலைவர் கேலி செய்த அந்த வேதாளம், மரத்தில் ஏறிய ஒவ்வொரு முறையும் புதுக்கதையோடுதான் இறங்கியது.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வயது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த அம்புலிமாமா ஒன்று, அட்டை போய், முதுகில் தையல் பிரிந்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் வேதாளம் சொன்ன கதை இது. ஒரு பெண்ணை மூன்று பேர் மணக்க விரும்புகிறார்கள். அவள் காய்ச்சலில் இறந்துபோகிறாள். ஒருவன் சுடுகாட்டில் அவள் சாம்பலின் மேலேயே படுத்துக் கிடக்கிறான். இன்னொருவன் எலும்பைக் கங்கையில் கரைக்கப் போகிறான். மூன்றாமவன் ஊர் ஊராய் அலைந்து, உயிர்ப்பிக்கும் மந்திரத்தோடு திரும்பி வந்து, அவளை எழுப்பிவிடுகிறான். அவள் யாருக்கு மனைவி? வேதாளம் கேட்டுவிட்டது. பக்கத்தைப் புரட்டுகிறேன், பக்கம் இல்லை! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடியும் சொல்கிறேன்: தலை வெடிக்கும் என்று வேதாளம் மிரட்டிய இடத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. யாரோ கடைசித் தாளைக் கிழித்திருந்தார்கள். மளிகைக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் சண்டைக்கே போனேன். அன்று இரவு, நடுவர் அவர்களே, தலை வெடிக்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் விடையை நானே எழுதத் தொடங்கினேன். முதலில் மந்திரக்காரனுக்குக் கொடுத்தேன். சாம்பலில் கிடந்தவன் பாவமாக இருந்தது. அவனுக்கு மாற்றினேன், கங்கைவரை நடந்தவனின் கால்வலி நினைவுக்கு வந்தது. உயிர் கொடுத்தவன் தந்தை, எலும்பைக் கரைத்தவன் மகன், சாம்பலில் கிடந்தவனே கணவன் என்று பழைய கதையில் விக்கிரமன் சொல்வது அப்போது எனக்குத் தெரியாது. எழுதி எழுதி அடித்து, கடைசியில் விக்கிரமனை இப்படிப் பேச வைத்தேன்: “வேதாளமே, அவள்தான் எழுந்துவிட்டாளே, அவளைக் கேட்காமல் என்னை ஏன் கேட்கிறாய்?” நான் எழுதிய முதல் வாக்கியம் அதுதான். அதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் விடைகள்.

அதை வாசித்துக் காட்ட வீட்டில் எனக்கு ஒரே ஆள்தான் இருந்தார்: எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா. புத்தகத்துக்குள் நோட்டை மறைத்து வைத்துக்கொண்டு முழுக்கதையையும் வாசித்தேன். கடைசி வரியில் அப்பத்தா பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு, “ராஜா அப்படியா சொன்னான்?” என்று கேட்டார். “ஆமாம் அப்பத்தா, அச்சிலேயே இருக்கிறது” என்றேன். பதின்மூன்று வயதில், யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொடுக்கப்பட்டவர் அவர். அது எனக்கு மிகப் பின்னால்தான் தெரியும். “அந்த ராஜா சொன்னதை மட்டும் இன்னொரு தரம் வாசி” என்றார். வாசித்தேன். “இன்னொரு தரம்” என்றார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பத்தா இறந்துபோனார். காரியம் முடிந்த அன்று அத்தை அவருடைய சுருக்குப்பையைப் பிரித்தார். கொஞ்சம் சில்லறை, ஒரு பாக்குத் துண்டு, பழனித் திருநீறு மடித்த ஒரு பொட்டலம். பொட்டலத் தாளில் விக்கிரமன் வாளோடு நின்றுகொண்டிருந்தான். கடைக்காரரும் இல்லை, பக்கத்து வீட்டுப் பையனும் இல்லை. அந்தத் தாளைக் கிழித்தவர் அப்பத்தா. அச்சிலேயே இருக்கிறது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபோது, அந்த அச்சு அவர் இடுப்பில் இருந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

மணியடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. பழைய கதையில் கடைசிக் கேள்விக்கு மட்டும் விக்கிரமனிடம் விடை இருக்காது. வாய் திறக்காமல் நடப்பான். நானும் அப்படியே போய் என் இடத்தில் அமர்கிறேன்.