நூலகக் கணினிக்கு ஒரு பூட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

2006-இல் அமெரிக்கப் பதின்வயதுப் பிள்ளைகளிடம் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் கொடிகட்டிப் பறந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் அதில் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்து, ஏமாற்றி, தவறாக நடந்துகொண்ட செய்திகளும் அடிக்கடி வந்தன. பெற்றோர் பயந்தார்கள். பயந்ததில் தப்பே இல்லை.

அந்த மே மாதம் பென்சில்வேனியாவைச் சேர்ந்த உறுப்பினர் மைக்கேல் ஃபிட்ஸ்பேட்ரிக், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். இணையத்தில் பிள்ளைகளைக் குறிவைப்போரை ஒழிக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். சுருக்கமாக டோபா என்பார்கள். பள்ளிகளும் பொது நூலகங்களும் சமூக வலைத்தளங்களையும் அரட்டை அறைகளையும் சிறார்களுக்குத் தடுக்க வேண்டும்; நூலகத்தில் பார்க்க வேண்டுமென்றால் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஜூலை 26 அன்று 410-க்கு 15 என்ற கணக்கில் சபை அதை நிறைவேற்றியது. பிள்ளைகளைக் காக்கும் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டால் எதிர்த்து ஓட்டுப் போட யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

இந்த மசோதாவின் பிடி எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். ஈ-ரேட் என்றொரு உதவித் திட்டம் அங்கே உண்டு. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் பிறந்தது. பள்ளி, நூலகங்களின் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருந்தால் தள்ளுபடியும் அதிகம். டோபா இந்த உதவியை வாங்கும் இடங்களைத்தான் கட்டுப்படுத்தியது. வசதியான பள்ளி, பணமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ஏழைப் பள்ளி என்ன செய்யும்? வீட்டில் இணையம் உள்ள பிள்ளை இரவெல்லாம் மைஸ்பேஸில் இருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அம்மா வேலை முடிந்து வரும்வரை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் தடை. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் எழுந்துபோய்ச் சொல்ல ஒரு நூலகர் பக்கத்திலேயே இருக்கும் இடம் அது. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இதுதான்.

பள்ளி, நூலகக் கணினிகளில் இணையத்தை வடிகட்டுவது அதற்கு முன்பே வந்துவிட்டது. 2000-இல் வந்த சட்டம் ஆபாசப் படங்களைத் தடுக்கச் சொன்னது. 2003-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சரி, படம் என்பது ஓரளவு வரையறுக்கக்கூடியது. டோபா பேச்சையே தடுக்கப் பார்த்தது. தன்னைப் பற்றிய பக்கம், நாட்குறிப்பு, பயனர்கள் பேசிக்கொள்ளும் வசதி இவற்றை அடையாளமாக வைத்தால், மாணவர்கள் கவிதை பகிரும் தளமும் வாசகர் விமர்சனம் எழுதும் புத்தகக் கடையும்கூட மாட்டும். அமெரிக்க நூலகச் சங்கம் இதை எதிர்த்ததில் ஆச்சரியமில்லை.

மேலவையான செனட்டில் டோபா நிறைவேறவில்லை; அதனால் சட்டமாகவும் இல்லை. அப்புறம் 2008-இல் வேறொரு சட்டம் வந்தது: ஈ-ரேட் வாங்கும் பள்ளிகள், இணையத்தில் எப்படி நடந்துகொள்வது, சமூக வலைத்தளங்களில் எப்படிப் பழகுவது, இணையவழித் துன்புறுத்தலை எப்படி அடையாளம் காண்பது என்று மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். டோபாவைப் போல அது பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் பிள்ளைக்கு உதவுவது அதுதான். "எங்கே இருக்கிறாய், படம் அனுப்பு" என்று தெரியாத ஒருவர் கேட்டால் பதில் போடாமல் பெரியவரிடம் காட்டத் தெரிந்த பிள்ளை, எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தப்பித்துக்கொள்ளும்.

பழைய யோசனை இன்னும் ஓயவில்லை. ஈ-ரேட் வாங்கும் பள்ளிகளில் சமூக ஊடகங்களைத் தடுக்கச் சொல்லும் பிரிவோடு 2025 ஜனவரியில் செனட்டில் ஒரு மசோதா அறிமுகமானது. இன்றைய செயலிகள் மைஸ்பேஸைவிடப் பல மடங்கு பிள்ளைகளை இழுத்துப் பிடிப்பவை, அதை மறுக்க மாட்டேன். வகுப்பு நேரத்தில் அவை வேண்டாம் என்று ஒரு பள்ளி தானே முடிவெடுத்தால் நானும் கைதட்டுவேன். தள்ளுபடியைக் காட்டி ஏழைப் பள்ளியை மட்டும் மிரட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, 2008 சட்டம் சொல்லும் அந்தப் பாடத்தை எந்த வகுப்பில், யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.