அந்த மாமியார் யார்? ஒரு நேயர் கேள்வியும் பதிலும்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "போன பகுதியில் 'கய்னானா' என்ற பழைய அஜர்பைஜான் படத்தைப் பற்றி இரண்டே வரி சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதில் மாமியாராக வரும் அம்மா யார்? அவர் எப்போதும் மாமியார் வேடம்தான் போட்டாரா? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரில் அந்தக் காலத்திலேயே ஒரு பெண்ணால் எப்படி இவ்வளவு கூச்சமில்லாமல் நடிக்க முடிந்தது?"

மூன்று கேள்விகள். நான் கடைசியில் இருந்து வருகிறேன். முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் பிறந்த தேதி, இறந்த தேதியோடு முடிந்துவிடும். பெயரை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நசீபா ஜெய்னலோவா. 1916 ஏப்ரல் 20 அன்று அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் பிறந்தவர்.

அஜர்பைஜான் நாடகத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. 1873 மார்ச் 10. மிர்ஸா ஃபதாலி ஆகுந்தோவ் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தைப் பாகுவில் பள்ளி மாணவர்கள் அன்றைக்கு மேடையேற்றினார்கள். அதில் பெண் வேடம் போட்டவர்கள்? ஆண்கள்தான். நாம் ஸ்திரீபார்ட் என்போமே, அதேதான். அது அங்கே ஏதோ ஐந்தாறு வருஷத்தில் மறைந்த வழக்கமும் இல்லை. 1908இல் உஸெயிர் ஹாஜிபெயோவ் 'லெய்லி மஜ்னூன்' கதையை ஓபராவாக, அதாவது பாட்டாலேயே நடக்கும் இசை நாடகமாக, அரங்கேற்றினார். அந்தப் பக்கத்து முஸ்லிம் நாடுகளிலேயே முதல் ஓபரா என்று அதைக் கொண்டாடுகிறார்கள். காதல் கதைகளுக்கெல்லாம் தாய்க் கதை. ஆனால் லெய்லியாகப் பாட ஒரு பெண் கிடைக்கவில்லை. தேநீர்க் கடையில் வேலை செய்த ஒரு பையனைப் பிடித்து லெய்லி ஆக்கினார்கள்.

அதைவிட வேடிக்கை 1913. அதே ஹாஜிபெயோவின் 'அர்ஷின் மால் ஆலான்'. துணி வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை என்ன? கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வசதியான வாலிபன் ஆசைப்படுகிறான். பெண்கள் எல்லாம் முக்காட்டுக்குள். ஆகவே துணி விற்பவன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். இப்படி ஒரு கதையில், அந்தக் கதாநாயகி குல்சோஹ்ராவாக மேடையில் நின்றவர் அஹ்மத் ஆக்தாம்ஸ்கி என்கிற ஆண்! பெண் முகத்தைப் பார்க்கத் தவிக்கும் நாடகத்திலேயே பெண் முகம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான், 1912இல், ஷோவ்கத் மமதோவா என்ற இளம் பாடகி பாகு மேடையில் முகம் தெரியப் பாடினார். அரங்கத்தில் ஒரே ரகளை. அந்தப் பெண் உயிர் தப்பி ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று.

இந்தச் சூழலில்தான் நசீபாவின் அப்பா வருகிறார். ஜஹாங்கீர் ஜெய்னலோவ், சாதாரண ஆள் இல்லை. அஜர்பைஜான் மேடையில் இயல்பான நடிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். ஆகுந்தோவின் கஞ்சன் ஹாஜி கரா வேடத்துக்குப் பேர் போனவர். அவரைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறை நடிகர்களில் ஹுசேன் அராப்லின்ஸ்கி பெரிய நட்சத்திரம். அந்த அராப்லின்ஸ்கியை 1919இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஆண் நடிகருக்கே காலம் அப்படி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஜஹாங்கீர் 1918இல் இறந்துபோனார். அப்போது நசீபாவுக்கு இரண்டு வயது. அப்பா மேடையில் எப்படி நின்றார், எப்படிப் பேசினார் என்பதையெல்லாம் அந்தப் பெண் பிறர் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

1920இல் சோவியத் ஆட்சி வந்தது. முக்காட்டை எடு, பள்ளிக்குப் போ, மேடை ஏறு என்று அரசே சொன்னது. எல்லாம் இனிமையாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். முக்காட்டை எடுத்ததற்காகக் குடும்பத்தார் கையாலேயே செத்த பெண்கள் உண்டு. 1928இல் ஜாஃபர் ஜப்பார்லியின் 'செவில்' நாடகம் வந்தது. கணவனால் அவமதிக்கப்பட்ட ஒரு பெண் முக்காட்டை எறிந்துவிட்டு வெளியேறும் கதை. செவிலாக மர்ஸியா தாவுதோவா நடித்தார். பார்க்க வந்த பெண்களில் சிலர் அரங்கத்திலேயே தங்கள் முக்காட்டைக் கழற்றினார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. அந்த முதல் வரிசைப் பெண்களுக்குக் கிடைத்த வேடங்களைப் பாருங்கள். கதாநாயகி, தியாகி, விழித்தெழுந்தவள். ரொம்பப் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் நிமிர்ந்து நிற்கிற பெண்கள். மேடையில் ஒரு பெண் அசட்டுத்தனம் பண்ணலாம், வம்பு பேசலாம், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளலாம், ஊரையே சிரிக்க வைக்கலாம் என்கிற உரிமை அப்போது இன்னும் வந்து சேரவில்லை. அதை எடுத்துக்கொண்டவர் நசீபா.

1938இல் பாகுவில் இசை நகைச்சுவை நாடகங்களுக்கென்றே ஓர் அரசு அரங்கம் தொடங்கினார்கள். நசீபா அந்த வருஷமே சேர்ந்தார், வயது 22. அவர் பெயரைச் சொன்னால் அந்த அரங்கத்தின் பெயரும் கூடவே வரும், அப்படி ஆகிவிட்டது. லுத்ஃபாலி அப்துல்லாயெவ், பஷீர் சஃபரோக்லு என்று பெரிய பெரிய நகைச்சுவை நடிகர்கள் அங்கே இருந்தார்கள். பாட வேண்டும், ஆட வேண்டும், நடுநடுவே வசனத்தில் சிரிக்க வைக்க வேண்டும், இசைக்குழுவோடு தாளமும் தப்பக்கூடாது. சினிமாவில் அவருடைய ஒரு வசனம்கூடத் தொங்காமல் நிற்பதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

மாமியார் வேடம் மட்டும்தானா என்று கேட்டீர்கள். இல்லை. 1958இல் வந்த 'ஓகெய் ஆனா' படம், மாற்றாந்தாய் என்று அர்த்தம். அம்மாவை இழந்த ஒரு சிறுவன், வீட்டுக்கு வந்த சித்தியை ஏற்றுக்கொள்ள முடியாமல் தவிக்கிற கதை. அதில் நசீபா ஃபாத்மானிசா என்கிற கிராமத்துப் பெண். ஊர் வம்பு முழுக்க அவர் வாயில். கண் கலங்க வைக்கிற படத்தில் அவர் வந்தாலே காற்று மாறும். 1964இல் 'உல்துஸ்', நட்சத்திரம் என்று பொருள், இசையும் கேலியுமான படம். அடுத்த வருஷம் 'அர்ஷின் மால் ஆலா'னை மறுபடி படமாக எடுத்தபோது, துணி வியாபாரியின் அத்தை ஜஹானாக அவர் நடித்தார். எந்த நாடகத்தில் ஆண்கள் பெண் வேஷம் கட்டிக்கொண்டு நின்றார்களோ, அதே கதை! 1967இல் அஜர்பைஜானின் மக்கள் கலைஞர் பட்டம் கிடைத்தது.

இப்போது 'கய்னானா'. 'ஆனா' என்றால் அம்மா, 'கய்ன்' என்பது கல்யாணத்தால் வந்த உறவு. மெஜித் ஷம்காலோவ் எழுதிய நாடகம். 1978இல் ஹுசேன் செய்த்ஸாதே படமாக எடுத்தார். நசீபாவுக்கு அப்போது 62 வயது. பாத்திரத்தின் பெயர் ஜன்னத் ஹாலா. ஜன்னத் என்றால் சொர்க்கம். ஹாலா, தாயின் உடன்பிறந்தவள். ஆனால் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம், நாம் பெரியம்மா என்கிற மாதிரி. ஆக, சொர்க்கம் பெரியம்மா. அந்தச் சொர்க்கம் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் புதுக்காலத்துப் பெண், மகன் இரண்டு பேருக்கும் நடுவில் இடிபடுகிறான்.

நான் கவனித்த ஒன்று: ஜன்னத் ஹாலாவை அவர் கொடுமைக்காரியாக நடிக்கவில்லை. தன் பக்கம்தான் நியாயம் என்று முழு மனதோடு நம்புகிற ஒரு தாயாக நடிக்கிறார். சண்டை போடும்போது குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல் தான் அதிகம். அதனால்தான் சிரிப்பு வருகிறது, கூடவே கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. அங்கே இன்றைக்கும் மாமியார் என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம்தான்.

தனக்கு நினைவே இல்லாத அப்பாவின் பெயரைத் தன் மகனுக்கு வைத்தார். அந்த ஜஹாங்கீர் நோவ்ருஸோவும் நாடக இயக்குநர் ஆனார். நசீபா இறந்தது 2004 மார்ச் 10. முதலில் ஒரு தேதி சொன்னேன் இல்லையா, 1873 மார்ச் 10? அந்த நாளைத்தான் அங்கே தேசிய நாடக தினமாகக் கொண்டாடுகிறார்கள். பாகுவில் பெரிய கலைஞர்களை அடக்கம் செய்யும் கௌரவ மயானத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. நீங்கள் 'கய்னானா'வை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அடுத்து 'ஓகெய் ஆனா'வைப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் ஃபாத்மானிசா வரும் இடங்களில் அவர் கைகளை மட்டும் கவனியுங்கள். சரி, அடுத்த கேள்வி ஜார்ஜியப் படங்களைப் பற்றி.