எல்.சி.எஸ்.டபிள்யூ. உரிமம்: பட்டத்துக்கும் தேர்வுக்கும் நடுவே இருக்கும் 3,000 மணி நேரம்

[திரையில்: தலைப்பு]

வணக்கம். அமெரிக்காவில் மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம், குடும்ப வன்முறையின் பாதிப்பு ஆகியவற்றுக்காக உளச்சிகிச்சை நாடிச் செல்லும் ஏராளமானோரின் எதிரே அமர்ந்திருப்பவர் மனநல மருத்துவரும் அல்லர், உளவியலாளரும் அல்லர். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, மாநில அரசின் உரிமத்தோடு சிகிச்சை அளிக்கும் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் அவர். லைசென்ஸ்டு கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர், சுருக்கமாக எல்.சி.எஸ்.டபிள்யூ. என்னும் அந்த உரிமத்தைப் பெறும் வழியைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம்.

உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு என்பதால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது. எனவே தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் கலிபோர்னியாவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்த உரிமத்தை வழங்குவது போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்சஸ் என்னும் அமைப்பு. இனி அதை வாரியம் என்றே சொல்கிறேன்.

இந்த உரிமம் உள்ளவர் மனநலக் குறைபாட்டைக் கண்டறிந்து பதிவு செய்யலாம், உளச்சிகிச்சை அளிக்கலாம், சொந்தமாக கிளினிக் நடத்தலாம், காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து கட்டணம் பெறலாம். மருந்து எழுதித்தர முடியாது. முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு உதவ 1918-ல் ஸ்மித் கல்லூரி ஆட்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தத் தொழிலுக்கு ஒரு தனிப் பார்வை உண்டு. ஒருவருடைய மனத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்காமல், அவர் குடியிருக்கும் வீடு, கட்ட முடியாத வாடகை, பறிபோன வேலை, கூட இருக்கும் குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பது அது.

[திரையில்: எம்.எஸ்.டபிள்யூ. பட்டம்]

முதல் படி எம்.எஸ்.டபிள்யூ. பட்டம், அதாவது சமூகப்பணியில் முதுகலை. சமூகப்பணிக் கல்விக் கவுன்சிலான சி.எஸ்.டபிள்யூ.இ.-யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அதைப் படித்திருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு ஆண்டுப் படிப்பு. சமூகப்பணியில் இளங்கலை முடித்தவர்களை ஓராண்டு அளவில் முடிக்கவிடும் கல்லூரிகளும் உண்டு. படிக்கும்போதே குறைந்தது 900 மணி நேரம் பள்ளி, மருத்துவமனை, முதியோர் மையம் போன்ற இடங்களில் களப்பயிற்சி செய்தாக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டே கட்டணமும் கட்ட வேண்டிய இந்த ஏற்பாடு, வசதி குறைந்த மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகள் நலத்துறையில் பின்னர் பணியாற்ற ஒப்புக்கொள்பவர்களுக்கு டைட்டில் 4-இ என்னும் அரசுத் திட்டத்தின் கீழ் உதவித்தொகை உண்டு. அதை விசாரிக்காமல் கடன் வாங்கிவிடாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று வாரியம் தரம் பிரிப்பதில்லை. அங்கீகாரம் இருந்தால் போதும். சான் ஹோசே ஸ்டேட் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும், அதைவிடப் பன்மடங்கு கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் கடைசியில் கிடைப்பது ஒரே உரிமம்.

[திரையில்: ஏ.எஸ்.டபிள்யூ. பதிவு, 90 நாள்]

பட்டம் கையில் வந்ததும் வாரியத்தில் அசோசியேட் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கராக, அதாவது ஏ.எஸ்.டபிள்யூ.-வாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே பலர் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. பட்டம் வழங்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் விண்ணப்பம் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான், பதிவு எண் வருவதற்கு முன் நீங்கள் வேலை பார்த்த மணி நேரம் கணக்கில் சேரும். அதிலும், வேலையைத் தொடங்கும் முன்பே பணியிடத்தின் வழியாக கைரேகைப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 90 நாள் கடந்துவிட்டால் பதிவு எண் கிடைக்கும் நாள்வரை செய்த வேலை, உரிமக் கணக்கைப் பொறுத்தவரை இல்லாததாகிவிடும்.

[திரையில்: 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரம்]

இனி வருவதுதான் இந்தப் பாதையின் நடுப்பகுதி. தேர்வைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இதைப் பற்றி அதில் பாதியளவு கூடக் கவலைப்படுவதில்லை என்பதால் இங்கே சற்று நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம் பணியாற்ற வேண்டும். வாரத்துக்கு அதிகபட்சம் 40 மணி நேரம்தான் ஏற்கப்படும். அப்படிப் பார்த்தால் 75 வாரத்தில் முடிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் குறைந்தது 104 வாரம் மேற்பார்வை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியாக இருப்பதால் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக எவராலும் முடிக்க முடியாது. குழந்தை வளர்ப்பு, பகுதிநேர வேலை என்று வரும்போது மூன்று, நான்கு ஆண்டுகள் ஆவது இயல்பு. கணக்கில் சேர்க்கும் மணி நேரம் ஆறு ஆண்டுக்குமேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 3,000-க்குள்ளும் பிரிவுகள் உண்டு. குறைந்தது 2,000 மணி நேரம் மதிப்பீடு, நோயறிதல், சிகிச்சை ஆகிய மருத்துவப் பணியாக இருக்க வேண்டும். அதில் 750 மணி நேரமாவது தனிநபரோடு அல்லது குழுவோடு நேருக்கு நேர் நடத்திய உளச்சிகிச்சையாக இருக்க வேண்டும். மற்ற பணிகள் 1,000 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தப் பிரிவை அறியாமல் முதல் வேலையை ஏற்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வீடற்றவர்களுக்கான மையம் ஒன்றில் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் வீட்டு உதவிக்கான படிவம் நிரப்புகிறீர்கள், அரசு அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசுகிறீர்கள், ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காத்திருக்கிறீர்கள். அத்தனையும் மதிப்புமிக்க பணி. ஆனால் அந்த 750 மணி நேரக் கணக்கில் ஒரு மணி நேரம் கூட ஏறியிருக்காது. ஓராண்டு கழித்துத்தான் அது தெரியவரும் என்றால் அந்த ஆண்டு எப்படிப்பட்ட இழப்பு!

மேற்பார்வை என்பது அலுவலக மேலாளர் கண்காணிப்பது அன்று. மணி நேரம் கணக்கிடும் ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் தனிச் சந்திப்பு, அல்லது எட்டுப் பேருக்கு மிகாத குழுவில் இரண்டு மணி நேரச் சந்திப்பு நடக்க வேண்டும். ஒரே இடத்தில் அந்த வாரம் நேரடிச் சிகிச்சை 10 மணி நேரத்தைத் தாண்டினால் மேற்பார்வையும் ஒரு மடங்கு கூடும். 3,000-ல் குறைந்தது 1,700 மணி நேரத்துக்கு மேற்பார்வையாளர் எல்.சி.எஸ்.டபிள்யூ. உரிமம் உள்ளவராகவே இருக்க வேண்டும். மீதிக்கு உளவியலாளர், மனநல மருத்துவர் போன்ற பிற உரிமதாரர்களும் இருக்கலாம்.

நல்ல மேற்பார்வையாளரோடு அமரும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்? "போன வாரம் அந்தப் பெண் சாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னபோது நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?" என்று அவர் கேட்பார். நீங்கள் பதில் தேடித் தடுமாறுவீர்கள். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அதைத் தூண்டிவிடுவோமோ என்ற அச்சம் உங்களுக்குள் இருந்தது அப்போது வெளியே வரும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்று அவர் விளக்கி, கேட்க வேண்டிய சொற்களை உங்கள் வாயாலேயே சொல்லிப் பார்க்க வைப்பார். அடுத்த சந்திப்பில் அந்தப் பெண்ணிடம் நீங்கள் கேட்பீர்கள். எந்தப் புத்தகமும், எந்தப் பயிற்சி வகுப்பும் இதற்கு ஈடாகாது. ஆகவே முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்துக்கு முன் மேற்பார்வையாளர் யார், அவர் வாரந்தோறும் நேரம் ஒதுக்குவாரா, உங்களுக்கு எத்தனை சிகிச்சைச் சந்திப்புகள் தரப்படும் என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

எழுத்து வேலையும் உண்டு. மேற்பார்வை தொடங்கி 60 நாட்களுக்குள் மேற்பார்வை ஒப்பந்தப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தந்த வாரக் கணக்கை அதற்குரிய தாளில் பதிந்து மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அவர் வேலையை விட்டுப் போன பிறகு மாதக்கணக்கான உழைப்புக்குச் சான்று இல்லாமல் நிற்க நேரிடும். இன்னொன்று: ஊழியராகச் சம்பளம் பெற்று டபிள்யூ-2 என்னும் வருமான வரிப் படிவம் வாங்குபவர், அல்லது தன்னார்வலர், இவர்களுடைய மணி நேரம்தான் ஏற்கப்படும். 1099 படிவத்தில் ஒப்பந்தக்காரராகப் பணம் வாங்கியிருந்தால் அந்த மணி நேரம் செல்லாது.

[திரையில்: சட்டமும் நெறியும்]

தேர்வுகள் இரண்டு. முதலாவது கலிபோர்னியாவின் சட்டம் மற்றும் தொழில்நெறித் தேர்வு. பதிவு செய்த முதல் ஆண்டுக்குள் ஒரு முறையாவது இதை எழுதியிருந்தால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். வெறும் சடங்காக இதைக் கருதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குழந்தை கொடுமைப்படுத்தப்படுகிறது என்ற நியாயமான சந்தேகம் எழுந்தால் உடனே தொலைபேசியில் தெரிவித்து, 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உறுதியான ஆதாரம் கிடைக்கும்வரை காத்திருக்கச் சட்டம் அனுமதிக்காது. 1969-ல் பெர்க்லியில் டாட்டியானா டாரசாஃப் என்ற மாணவி கொல்லப்பட்டார். கொன்றவர் தன் எண்ணத்தைப் பல்கலைக்கழக உளவியலாளரிடம் முன்பே சொல்லியிருந்தார். வளாகக் காவலர்களுக்குத் தகவல் போனது, ஆனால் அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ எவரும் எச்சரிக்கை தரவில்லை. ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சை அளிப்பவருக்கு உண்டு என்று 1976-ல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரகசியம் காப்பது எதுவரை, எப்போது அதை உடைக்க வேண்டும் என்பதை நன்றாக அறியாதவர் அந்த நாற்காலியில் அமரக் கூடாது என்பதுதான் இந்தத் தேர்வின் பொருள்.

[திரையில்: கிளினிக்கல் தேர்வு]

3,000 மணி நேரமும் முடிந்து, தற்கொலை அபாய மதிப்பீடு, போதைப் பழக்கம், துணைவர் வன்முறை, முதுமை உள்ளிட்ட கட்டாயப் பாடங்களுக்கும் சான்று காட்டிய பிறகு, சமூகப்பணி உரிம வாரியங்களின் கூட்டமைப்பான ஏ.எஸ்.டபிள்யூ.பி. நடத்தும் கிளினிக்கல் தேர்வை எழுதலாம். கலிபோர்னியா 2016 முதல் இந்தத் தேசியத் தேர்வை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனப்பாடம் இதில் அதிகம் உதவாது. ஒரு சூழலைக் கொடுத்து, முதலில் என்ன செய்வீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். எல்லா விடையும் சரிபோலவே தோன்றும், வரிசைதான் சோதிக்கப்படுகிறது. தவறினால் 90 நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம்.

இந்தத் தேர்வு நேர்மையானதா என்ற கேள்வி இப்போது பலமாக எழுந்திருக்கிறது. 2022-ல் அந்த அமைப்பே வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி, 2018 முதல் 2021 வரை முதல் முயற்சியில் கிளினிக்கல் தேர்வில் தேறியவர்கள் வெள்ளையரில் சுமார் 84 விழுக்காடு, ஆசியரில் 72, கறுப்பினத்தவரில் 45. ஒரே வகைப் பட்டமும் ஒரே அளவு மேற்பார்வையும் பெற்றவர்களிடையே இவ்வளவு இடைவெளி இருந்தால், குறையைத் தேர்வெழுதியவர்களிடம் மட்டும் தேடுவது நியாயமாகாது. இலினாய் மாநிலம் 2022 முதல், கிளினிக்கலுக்குக் கீழுள்ள உரிமத்துக்குத் தேர்வையே நீக்கிவிட்டது.

[திரையில்: இந்தியப் பட்டம்]

சென்னையிலோ கோவையிலோ எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, திருமணத்தாலோ துணைவரின் வேலையாலோ கலிபோர்னியா வந்தவர்கள் இந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் பட்டம் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானது என்று நிறுவினால் வாரியம் அதை ஏற்கும். வெளிநாட்டுச் சமூகப்பணிப் பட்டங்களை மதிப்பிட சி.எஸ்.டபிள்யூ.இ.-யிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம் ஆகியவற்றோடு களப்பணி எத்தனை மணி நேரம், எந்த நிறுவனத்தில் என்ற சான்றையும் ஊரில் இருக்கும்போதே கல்லூரியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும் அனுமதி உங்கள் விசாவைப் பொறுத்தது. அது வாரியத்தின் கையில் இல்லை.

உங்களைப் போன்றவர்கள் இந்தத் துறைக்குத் தேவை என்று மனதாரச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து, பகலெல்லாம் பேச ஆளில்லாமல் இருக்கும் ஒரு முதியவர் தன் துயரத்தைத் தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை என்று உடம்பின் வழியாகத்தான் சொல்வார். மகனை மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகனைப் பற்றிய வருத்தத்தை அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

உரிமம் வந்த பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 36 மணி நேரத் தொடர்கல்வியோடு அதைப் புதுப்பிக்க வேண்டும். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் சேர்ந்து சிகிச்சை அளிக்கலாம். ஆனால் அதே பணிக்கு உளவியலாளருக்குத் தரப்படும் தொகையில் 75 விழுக்காடுதான் சமூகப்பணியாளருக்கு வரும். மாற்றப்பட வேண்டிய விதி அது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நியூயார்க்கில் உதவி நாடி வருபவர்களோடு நேரடியாகச் செலவிட்ட 2,000 மணி நேரத்தைக் குறைந்தது 36 மாதத்தில் காட்டச் சொல்கிறார்கள். டெக்சாஸில் 3,000 மணி நேரம், குறைந்தது 24 மாதம்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தொலைவழிச் சிகிச்சை பற்றிய மூன்று மணி நேரப் பாடம் 2023-ல்தான் கட்டாயமானது. ஏ.எஸ்.டபிள்யூ.-களுக்கான கையேட்டை வாரியம் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் முன் அதில் மேற்பார்வை பற்றிய பகுதியை முழுவதும் படித்துவிடுங்கள். நன்றி.