8123-ஐ மூடிவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. தண்ணீர் மோட்டார், கீசர், வாசல் விளக்கு, கேமரா எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளும் வீடுகள் இப்போது நிறைய. இதில் ஆர்வம் உள்ளவர்கள் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னக் கணினியில் போட்டு, எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கணினியை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள்.

வெளியூரிலிருந்தும் வீட்டைப் பார்க்கணும் என்று நாம் கேட்டதும், பொருத்த வந்தவர் ரவுட்டரில் 8123 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுவார். போர்ட் என்றால் வெளியிலிருந்து உள்ளே வர எண் போட்ட ஒரு கதவு மாதிரி, ஹோம் அசிஸ்டென்ட் வழக்கமாகக் காத்திருக்கும் கதவு அதுதான். என் நண்பர் வீட்டிலும் இதேதான் நடந்திருந்தது. ஒருநாள் திரையைக் காட்டி, "இது என்னன்னு பாருங்க" என்றார். உள்ளே நுழையும் முயற்சி தோற்றது என்று ஓர் அறிவிப்பு, கூடவே அந்த முயற்சி எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஓர் ஐபி முகவரி. அதன் கீழே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகவரி. வெளிநாட்டில் இருக்கிற மகன்தான் பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தடவுகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மகனைக் கூப்பிட்டுக் கேட்டால், அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் வீட்டை யாரும் குறிவைக்கவில்லை. திறந்த போர்ட் எங்கே இருக்கிறது என்று இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. அப்படிக் கண்டதைப் பட்டியல் போட்டுத் தேடித் தரும் ஷோடான் என்ற தளமே 2009-லிருந்து இருக்கிறது. இன்னொன்று, எத்தனை முறை தவறாகப் போட்டால் தடுக்கணும் என்று நாம் ஓர் எண் கொடுத்து வைக்காவிட்டால், ஹோம் அசிஸ்டென்ட் தானாக யாரையும் தடுக்காது.

"பாஸ்வேர்டு பலமா இருக்கே" என்பீர்கள். சரி, இருக்கட்டும். 2023 மார்ச்சில் அதே மென்பொருளை நிர்வகிக்கும் சூப்பர்வைசர் என்ற பகுதியில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் அந்தப் பகுதியை எட்டிவிடலாம். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. உடனே திருத்தம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அப்டேட் போடாமல் போர்ட்டையும் திறந்து வைத்திருந்த வீட்டில் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்து என்ன பயன்? போர்ட் மூடியிருந்த வீட்டை இணையத்திலிருந்து யாரும் நேராகத் தொட்டிருக்க முடியாது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், 8123-ஐ மூடுங்கள்.

அப்புறம் வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? வயர்கார்டு என்ற விபிஎன்னை, அதாவது போனிலிருந்து வீட்டுக்குப் பூட்டிய ஒரு தனிப்பாதையை, வீட்டில் போட்டு, அதன் சாவியை உங்கள் போனில் மட்டும் வையுங்கள். இதற்கும் ஒரு போர்ட் வேண்டும்தான், ஆனால் சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்டு பதிலே தராது. துழாவுகிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. சில இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. அங்கே இது வேலை செய்யாது. அப்போது டெயில்ஸ்கேல் போடுங்கள், அதுவும் வயர்கார்டை வைத்துக் கட்டியதுதான், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரில் யூபிஎன்பி என்ற வசதியை அணையுங்கள், கருவிகள் தாங்களே போர்ட் திறந்துகொள்வது அதன் வழியாகத்தான். விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் வைஃபை மட்டும் கொடுங்கள். கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் எம்க்யூடிடி வைத்திருந்தால் அதற்கும் பாஸ்வேர்டு போடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஹோம் அசிஸ்டென்டிலேயே இருக்கிறது, உங்கள் கணக்குப் பக்கத்தில் போய் இன்றைக்கே இயக்கிவிடுங்கள். வணக்கம்.