தொழிற்பேட்டையின் புகைக்கு நாடுகள் ஏன் கூடிப் பேச வேண்டும்?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். "ஒரு நகரப் பகுதியையோ தொழிற்பேட்டையையோ கார்பன் உமிழ்வு இல்லாமல் ஆக்குவது அந்தந்த ஊர் வேலைதானே? இதில் நாடுகள் கூடிப் பேச என்ன இருக்கிறது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பாதி நியாயமான கேள்விதான். டென்மார்க்கில் கலுன்போர்க் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். 1972-இல் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சிய வாயுவைப் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை வாங்க ஆரம்பித்தது. அப்புறம் மின் நிலையத்து நீராவி மருந்துத் தொழிற்சாலைக்குப் போனது, மிச்ச வெப்பம் வீடுகளுக்குப் போனது. எந்த நாடும் இதற்காகக் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்துப் பக்கத்து ஆலைக்காரர்கள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் எல்லாமே இப்படி வேலிக்குள் முடிந்துவிடாது. சிமென்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் நீற்றினால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது. கல்லுக்குள்ளேயே இருப்பது அது. பிடித்து எங்காவது புதைக்கத்தான் வேண்டும். புதைக்கத் தோதான பாறை எல்லா ஊருக்கு அடியிலும் இருக்கிறதா என்ன?

நார்வேயில் ப்ரெவிக் என்ற ஊரின் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அதைத் திரவமாக்கிக் கப்பலில் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து குழாய் வழியாகக் கடலடித் தரைக்கும் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். 2025 ஆகஸ்டில் முதல் சுமை உள்ளே போனது. ஒரே நாட்டுக்குள் நடப்பதால் இதில் வம்பில்லை. பக்கத்து நாட்டு ஆலையும் அங்கே அனுப்ப நினைத்தால்தான் சிக்கல்.

கடலில் குப்பை கொட்டுவதைத் தடுக்க 1996-இல் லண்டன் நெறிமுறை என்று ஒன்று போட்டார்கள். கடலில் கொட்டுவதற்காகக் கழிவை இன்னொரு நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அதில் ஒரு விதி. நல்ல விதிதான், ஆனால் கடலடியில் புதைக்க அனுப்பும் கார்பன் டை ஆக்சைடும் அதில் மாட்டிக்கொண்டது. அதை அனுமதிக்க 2009-இல் விதியைத் திருத்தினார்கள். திருத்தம் அமலுக்கு வர மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும். அந்த எண்ணிக்கை சேரவே இல்லை. கடைசியில் 2019-இல், விரும்பும் நாடுகள் தற்காலிகமாக அமல்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வழி கண்டார்கள். பத்து வருடம்! நேயர் கேட்டாரே, கூடிப் பேச என்ன இருக்கிறது என்று, இதுதான் இருக்கிறது.

இன்னொன்று, கணக்கு. ஜப்பான் பிற நாடுகளில் சுத்தமான கருவிகளை வைக்க உதவிவிட்டு, குறைந்த உமிழ்வில் ஒரு பங்கைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. 2013-இல் முதலில் கையெழுத்திட்டது மங்கோலியா. இதில் ஒரே டன்னை இரண்டு நாடும் தங்கள் கணக்கில் காட்டினால்? பருவநிலை பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு நாடுகள் இப்படிக் கைகோப்பதை அனுமதிக்கிறது, ஆனால் அந்த இரட்டைக் கணக்கைத் தடுக்கிறது. ஒப்பந்தம் 2015-இல் வந்தது, அந்தப் பிரிவுக்கான முக்கிய விதிகள் 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில்தான் முடிவாயின. குறைப்பை இன்னொரு நாட்டுக்குக் கொடுத்த நாடு தன் உமிழ்வுக் கணக்கில் அந்த டன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழாய் போடுவதைவிட இந்தக் கணக்குக்குத்தான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.